விசாரணை அறையில் உளவியலாளருக்கு என்ன வேலை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்கட்கு,

இலங்கையின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவது பற்றியும் அதற்குப் பதிலாக எத்தகைய சட்டம் வரவேண்டும் என்பது பற்றியும் தங்கள் பத்திரிகையில் வெளிவரும் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். கைது, தடுப்பு ஆணை, குற்ற ஒப்புதல் வாக்குமூலம் ஆகியவற்றை அலசும் அக்கட்டுரைகளில், தடுத்து வைக்கப்பட்டவரின் மனநிலையை அறிந்து சொல்லும் நிபுணரைப் பற்றி மட்டும் ஒரு வரியும் காணோம். அந்த நிபுணர் யாருக்காக வேலை செய்கிறார், தவறிழைத்தால் யாருக்குப் பதில் சொல்கிறார் என்ற கேள்வியை அமெரிக்கர்கள் மிகவும் பிந்தித்தான் கேட்டார்கள்.

2002 மார்ச்சில் பாகிஸ்தானில் அல்-கைதா சந்தேகநபராகப் பிடிபட்ட அபு சுபைதா என்பவரை அமெரிக்க உளவு நிறுவனமான சீ.ஐ.ஏ. தாய்லாந்திலிருந்த இரகசியத் தடுப்பிடமொன்றில் வைத்து விசாரித்தது. அந்த விசாரணை முறையை வகுத்தவர்கள் ஜேம்ஸ் மிட்செல், புரூஸ் ஜெசன் என்னும் இரு உளவியலாளர்கள். எதிரியிடம் பிடிபடும் படைவீரர் சித்திரவதையை எவ்வாறு தாங்குவது எனக் கற்பிக்கும் பயிற்சியில் முன்னர் பணியாற்றிய இவர்கள், அதே முறைகளைக் கைதியின் மீது பிரயோகிக்கலாம் என்றார்கள். முகத்தில் துணியைப் போட்டு நீரூற்றி மூச்சை முட்ட வைக்கும் கொடுமை அவருக்கு 83 தடவை இழைக்கப்பட்டது. இருவருக்கும் முன்னனுபவமாக ஒரு விசாரணை கூட இருக்கவில்லை என்பதையும், அவர்களது நிறுவனத்துக்கு 8 கோடி 10 இலட்சம் டொலர் கொடுக்கப்பட்டது என்பதையும் 2014 டிசம்பரில் வெளியான செனட் புலனாய்வுக் குழுவின் அறிக்கை சொல்கிறது.

சட்டத்தரணி என்ற முறையில் என்னை அதிகம் உறுத்துவது 2002 ஆகஸ்ட் 1ஆம் திகதி அமெரிக்க நீதித் திணைக்களம் எழுதிக்கொடுத்த ஆலோசனைக் குறிப்பு. இக்கைதிக்குப் பூச்சிகள் என்றால் பயம் போலத் தெரிகிறது என அறிவிக்கப்பட்டிருப்பதால், அவரை ஒடுக்கமான பெட்டிக்குள் அடைத்து, தீங்கற்ற பூச்சியொன்றை உள்ளே விடலாம் என்று அக்குறிப்பு அனுமதித்தது. (இது நிறைவேற்றப்படவில்லை எனப் பின்னர் கூறப்பட்டது.) ஒரு மனிதனின் பயம் இன்னதென்று அறிவது குணப்படுத்துவதற்காகத்தான் என்று நாம் நினைத்திருக்க, அங்கே அதைக் கொண்டு அவனை வதைக்கத் திட்டம் தீட்டியிருக்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. நீண்டகால உளப்பாதிப்பு ஏற்படாது என்று நிபுணர்கள் சொன்னதை நல்லெண்ணத்துடன் நம்பி நடந்தவருக்குச் சித்திரவதை செய்யும் நோக்கம் இருந்ததாகக் கொள்ள முடியாது என்பது அக்குறிப்பின் வாதம். உளவியலாளரின் அபிப்பிராயம் விசாரித்தவருக்கு முன்கூட்டியே தயாரித்து வைத்த எதிர்வாதமாயிற்று.

இதைக் கண்டிக்க வேண்டிய அமெரிக்க உளவியல் சங்கம் என்ன செய்தது? 2005இல் ஒரு செயலணியை நியமித்தது. அதில் வாக்குரிமை பெற்றிருந்த ஒன்பது பேரில் ஆறு பேர் பாதுகாப்புத் துறையோடு தொடர்புடையவர்கள். தேசிய பாதுகாப்பு விசாரணைகளில் உளவியலாளர் பங்குபற்றுவது ஒழுக்க நெறிக்கு உட்பட்டதே என்று அது முடிவுசெய்தது. உறுப்பினர்களில் ஒருவரான ஜீன் மரியா அரிகோ உள்ளே நடந்தவற்றைப் பின்னர் பகிரங்கப்படுத்தினார். சங்கமே நியமித்த சட்டத்தரணி டேவிட் ஹொஃப்மன் 2015 ஜூலையில் அளித்த 542 பக்க அறிக்கை, சங்கத்தின் முக்கியஸ்தர்கள் பாதுகாப்புத் துறையுடன் கூடிப் பேசியே விதிகளைத் தளர்வாக வைத்திருந்தனர் எனக் கண்டது. அதில் பெயர் குறிப்பிடப்பட்ட சிலர் இம்முடிவை மறுத்து வழக்குத் தொடர்ந்தனர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அறிக்கை வெளியான மறுமாதமே சங்கத்தின் பேரவை ஒரேயொரு எதிர்வாக்குடன் அத்தகைய விசாரணைகளில் பங்குபற்றுவதைத் தடை செய்தது.

தனிமனிதர் பொறுப்பு என்று பார்த்தால் கிடைத்தது சொற்பமே. மிட்செலின் தொழில் உரிமம் தொடர்பான முறைப்பாட்டை டெக்சாஸ் மாநில உரிமச் சபை 2011இல் தள்ளுபடி செய்தது. பாதிக்கப்பட்ட கைதிகள் இருவரும், காவலில் இறந்த இன்னொருவரின் குடும்பத்தினரும் மிட்செல், ஜெசன் மீது தொடுத்த வழக்கு 2017இல் இணக்கத்துடன் முடிந்தது, தொகை வெளியிடப்படவில்லை.

உளவியலாளர் அறையில் இருந்தால் கைதிக்குப் பாதுகாப்புத்தானே என்று சிலர் வாதிடுவதுண்டு. கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களில் நீண்ட காலம் தொழில் செய்தவன் என்ற வகையில் இதை நான் ஏற்கமாட்டேன். சட்ட வைத்திய அதிகாரியிடம் கொண்டுசெல்லப்படும் சந்தேகநபரின் பக்கத்திலேயே, அவரைக் கைது செய்த பொலிஸாரும் நின்றுகொண்டிருப்பதை என் கட்சிக்காரர் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். “விழுந்தேன்” என்பதைத் தவிர அந்த மனிதன் வேறென்ன சொல்வான்? உடற்காயத்தைப் பார்க்கும் வைத்தியருக்கே இந்த நிலையென்றால், கைதி வாய் திறந்து பேசினால்தான் எதையும் அறியக்கூடிய உளவியலாளரின் நிலை என்னவாகும்?

உதவிப் பொலிஸ் அத்தியட்சகரிடம் கொடுத்த வாக்குமூலம் சாட்சியமாக ஏற்கப்படுவதும், அது சுயவிருப்பின்றிப் பெறப்பட்டது என நிரூபிக்கும் சுமை குற்றஞ்சாட்டப்பட்டவரின் தலையிலேயே விழுவதும் 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம் நமக்குத் தந்தவை. அவ்வழக்குகளில் கைதியின் மனநிலை பற்றிய நிபுணர் அறிக்கை எந்தப் பக்கமும் எடையைச் சாய்க்கக்கூடியது. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் சித்திரவதைக்கு உடந்தையாயிருப்பதையும் குற்றமாக்குகிறது. ஆயினும் அறைக்கு வெளியே இருந்து ஆலோசனை மட்டும் சொன்னவரை அதன் கீழ் கொண்டுவருவது இலகுவல்ல.

ஆகையால், புதிய சட்டம் எதுவாயினும், தடுத்து வைக்கப்பட்டவரைப் பரிசோதிக்கும் உளவியலாளரோ உளவளத்துணையாளரோ விசாரணையில் எவ்வகையிலும் பங்குபற்றலாகாது என்று அதிலேயே எழுதப்பட வேண்டும். அவரது அறிக்கை பொலிஸார் கைக்குப் போகாமல் நேரே நீதவானிடம் போக வேண்டும். 1873ஆம் ஆண்டின் மனநோய்க் கட்டளைச் சட்டத்தை மாற்றும் பேச்சு எழும்போதெல்லாம் உளவியலாளர் தொழிலுக்கு ஓர் ஒழுக்காற்றுச் சபை வேண்டும் என்கிறார்கள், நல்லது. அச்சபையில் பாதுகாப்பு அமைச்சின் பிரதிநிதிகளுக்கு இடமளிக்கக் கூடாது என்பதையும், கைதியோ அவரது குடும்பத்தினரோ அதனிடம் தமிழிலேயே முறைப்பாடு செய்யலாம் என்பதையும் சட்டமூலம் வரையும்போதே சேர்த்துவிடுமாறு சம்பந்தப்பட்டவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சட்டத்தரணி,
வெள்ளவத்தை, கொழும்பு 06