பத்து விதைக்கும் பெர்மிட் தேவைதான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பட்டர்வொர்த்தில் தக்காளி, மிளகாய், கத்தரி நாற்று வளர்த்துக் காலைச் சந்தையில் விற்பவள் நான். தமிழ்நாடு போய் வருகிறவர்கள் ஆசையாக விதைப் பொட்டலம் கொண்டுவந்து தருகிறார்கள். வேண்டாம் என்றால் முகம் சுண்டிப் போகிறது. பத்து விதைக்கெல்லாமா பெர்மிட் என்று என்னிடமே சண்டைக்கு வருகிறார்கள்.

ஆமாம், பத்து விதைக்கும்தான். மலேசியாவின் 1976ஆம் ஆண்டுத் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டப்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும்.

மிளகாய் இலை சுருண்டால், நோயைப் பரப்பும் வெள்ளை ஈயைத் திட்டிக்கொண்டே வேப்பெண்ணெய் அடிக்கிறோம். 2014இல் இஸ்ரேலில் தலைகாட்டிய தக்காளிப் பழுப்புச் சுருக்க வைரஸுக்கு ஈயே தேவையில்லை. விதைத்தோலில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். விதையிலிருந்து நாற்றுக்கு ஏறுவது அபூர்வம்தான். ஆனால் ஒன்றில் ஏறினால் போதும், நாற்றைத் தட்டிலிருந்து எடுத்துப் பையில் மாற்றி நடுகிற என் கையே மற்றதற்கெல்லாம் பூசிவிடும். கத்தி, தட்டு, உடுப்பு எதையும் விடாது. மருந்தும் கிடையாது. மொசைக் நோயைத் தாங்கும் என்று கூடுதல் காசு கொடுத்து வாங்கும் ஹைப்ரிட் தக்காளியே இதற்குத் தாக்குப்பிடிப்பதில்லை. பழத்தைத் தின்றால் நமக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் சுருங்கிப் பழுப்பேறியதை யார் காசு கொடுத்து வாங்குவார்?

இதற்குப் பயந்துதான் ஆஸ்திரேலியா, தக்காளி, மிளகாய் விதையின் பெரிய லாட் (ஒன்றாகச் சேர்த்து ஒரே எண் கொடுத்த விதைத் தொகுதி) ஒவ்வொன்றிலும் 20,000 விதையை எடுத்து, வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனை செய்யச் சொன்னது. அப்படியும் 2024 ஆகஸ்டில் தெற்கு ஆஸ்திரேலியாவில் நோய் தென்பட்டது.

சோதனைக்கு அரைத்த விதை முளைக்காது. ஐம்பது விதைப் பொட்டலத்தைச் சோதித்தால் நடுவதற்கு என்ன மிஞ்சும்? எங்களைப் போன்றவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

சிறு நாற்றுக்காரர்கள் பலர் சேர்ந்து ஒரே லாட்டாக ஒரு கிலோ தருவிக்க விவசாய இலாகா வழிகாட்டலாமே. 20,000 தக்காளி விதை ஏறக்குறைய 60 கிராம். கிலோவில் அது போனால் போகட்டும். பெர்மிட், சோதனைச் செலவைப் பங்கு போட்டுக்கொள்வோம். பிரித்துச் சிறு பொட்டலமாக விற்பவர்களும் லாட் எண்ணையும், எந்த வைரஸுக்குச் சோதித்தது என்பதையும் உறையில் அச்சிடட்டும். நான் வாங்கும் பொட்டலங்களில் பளபளவென்று பழத்தின் படம் இருக்கிறது, அந்த இரண்டு வரியைத்தான் காணோம்.

இப்படிக்கு,
நாற்று வியாபாரி,
பட்டர்வொர்த், பினாங்கு