மைல்கல்லைத் தூக்கி நிறுத்தியவர்களுக்கு

வணக்கமுங்க.

சேலம்–கோவை பழைய ரோட்டோரம் முக்கால்வாசி புதைந்து கிடந்த மைல்கல் இப்போது நிமிர்ந்து நிற்கிறது. கை கொடுத்த அத்தனை பேருக்கும் நன்றி. செய்த விதத்தையும் சொல்லிவிடுகிறோம், அடுத்த ஊருக்கு உதவும்.

முதலில் டீக்கடை அக்கா. கல்லில் ஆறேழு பூச்சு சுண்ணாம்பு, ஊறினால்தான் விடும். ஈரச் சாக்கு தந்து, ராத்திரி இரண்டு தடவை எழுந்து தண்ணீர் ஊற்றியவர் அவர்தான். காலையில் மூங்கில் சிம்பும் தேங்காய் நாரும் போதுமானதாக இருந்தது. ஆசிட் பாட்டிலோடு வந்த தம்பி கோபித்துக்கொள்ள வேண்டாம்: ஆசிட் சுண்ணாம்பைக் கரைக்கும், கல்லிலுள்ள இரும்பையும் கிளப்பி மஞ்சள் கறை விடும். கம்பி பிரஷ்ஷோ எழுத்தையே தின்றுவிடும்.

கிணற்று வேலைக்காரர்கள் பாரம் தூக்கும் செயின் பிளாக் கொண்டுவந்தார்கள். சங்கிலிக்கும் கல்லுக்கும் நடுவே டயர்த் துண்டு வைத்ததால் ஓரம் பெயரவில்லை. அடியில் சிமெண்ட் கிடையாது; கிராவல் கொட்டி இடித்ததோடு சரி. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுத்தானே கல் புதைந்தது? இனி ரோடு உயர்ந்தால் கல்லையும் உயர்த்திக்கொள்ளலாம்.

ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, மை ஒற்றி எழுத்தைப் பதிவெடுப்பதுதான் மைப்படி. அதை எடுக்கையில் குடை பிடித்த பள்ளிப் பிள்ளைகளுக்குத் தனி நன்றி. வெயில் பட்டால் ஈரத்தாள் சட்டென்று காய்ந்து கல்லைவிட்டு எழும்பிவிடும். ஈரம் மிஞ்சினால் மை பரவும். கல்லில் இருந்த ௧௪-ஐப் பிள்ளைகள் 'கச' என்று வாசித்தார்கள். பதினாலு மைலுங்க! தமிழ் எண் நமக்கே மறந்துபோயிற்று.

கிராவல் சுமந்தவர்கள் ஒடிசாவிலிருந்து வந்து மில் குவார்ட்டர்ஸில் இருக்கும் குடும்பத்தார். கல் என்ன சொல்கிறது என்று அவர்கள்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். வழிப்போக்கரின் அந்தக் கேள்விக்குத் தகடூர்ப் பக்கம், அதாவது இன்றைய தருமபுரிப் பக்கம், அதியமான் பெருவழி என்ற பழைய நெடுஞ்சாலையின் கல்லில் பதில் இருக்கிறது: நாவற்தாவளம் என்ற இடத்துக்கு 29 காதம் (காதம் என்பது பழைய தூர அளவு) என்று எழுத்தில் வெட்டி, கீழே இரண்டு பெரிய குழி, ஒன்பது சிறிய குழி. பெரியது பத்து, சிறியது ஒன்று. எழுத்துத் தெரியாதவருக்கும் விரலால் தடவினாலே கணக்குத் தெரியும். கோவைப் பக்கம் சுண்டக்காமுத்தூரிலுள்ள இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டும் பழைய வட்டெழுத்து, தமிழ் என இரண்டு எழுத்திலும் நிற்கிறது. கன்னடமும் தெலுங்கும் பேசிக்கொண்டு நெசவுக் குடும்பங்கள் வந்து குடியேறிய சீமையல்லவா இது. இந்த மைல்கல்லுக்குப் பக்கத்திலும் பதினாலு குழி வெட்டிய சிறு கல்லொன்று நட உத்தேசம்.

அக்கா, உங்கள் சாக்கு நான்கு எங்களிடம் இருக்கிறது. காய்ந்ததும் தந்துவிடுகிறோம்.