மார்க்கவசமும் என் கை அரிப்பும்

அன்புள்ள மாப்பிள்ளை,

விரிசல் விழுந்த பள்ளிக்கூட ஹெல்மெட்டைப் பற்றிக் கேட்ட உன் மெசேஜ் வந்து பத்து நாளாகிறது. பதில் போடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, கை முழுக்க அரிப்பு. இத்தனை வருஷம் இந்த வேலை பார்த்துவிட்டு, அரைக்கைச் சட்டையோடு உட்கார்ந்து ஃபைபர் மேட்டை, அதுதான் அந்தக் கண்ணாடி இழை விரிப்பை, கிழித்திருக்கிறேன் பார். போதாக்குறைக்கு வெந்நீரில் தேய்த்துக் குளித்தேன், கண்ணாடித்தூள் இன்னும் உள்ளே ஏறிவிட்டது. முட்டிவலி எப்படி இருக்கிறது உனக்கு?

நாம் அச்சு எடுத்து ஃபைபரில் போட்ட சோழ வீரன் மார்க்கவசத்தில் எட்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. போன மாதம் ஒரு நாடகத்துக்கு வாடகைக்குப் போய்வந்ததில் மூன்றில் விரிசல், மூன்றிலும் இடது தோள்பக்கம். பையன்கள் கீழே போட்டிருப்பார்கள் என்று முதலில் திட்டினேன். உள்ளே திருப்பிப் பார்த்தால், வார் அடித்த ரிவெட் ஓட்டையிலிருந்துதான் கோடு கிளம்பியிருக்கிறது. ஆள் வாளைத் தூக்கும்போதெல்லாம் அங்கேதான் இழுவை. அந்த இடத்தில் அவசரத்துக்கு ஒரே மேட் போட்டு முடித்தது நாம்தான், யாரைக் குற்றம் சொல்ல? நடுவில் யாரோ வெளிப்பக்கம் பட்டி பூசித் தங்கக் கலர் அடித்து மூடியும் இருக்கிறார்கள். பட்டிக்கு ஏது பலம், அது பள்ளத்தை நிரப்பும், அவ்வளவுதான்.

கோட்டின் நுனியில் 3 மி.மீ. பிட்டால் ஓட்டை போட்டு விரிசல் மேலே ஓடாமல் நிறுத்தினேன். உள்பக்கம் வியர்வையும் பவுடரும் அப்பிக் கிடந்தது. அசிட்டோனால் துடைத்து, 80 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய்த்து, வெளியே டேப் ஒட்டிக் கோட்டைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, உள்ளே சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட்டில் இரண்டு துண்டு. ஒன்று சின்னது, அடுத்தது அதைவிட எல்லாப் பக்கமும் ஒரு அங்குலம் பெரிது. கத்தரி வேண்டாம், கையால் பிய்த்தால்தான் ஓரம் மேடு தட்டாமல் படியும். ரெசினை, அதாவது இறுகிக் கெட்டியாகும் பிசினை, பிரஷ்ஷை இழுக்காமல் குத்திக் குத்தி ஊறவிட்டால் வெள்ளை மேட் மெல்ல மறைந்து அடியில் விரிசல் கோடு தெளிவாகத் தெரியும், அந்த நேரம் எனக்கு இப்போதும் பிடிக்கும். எங்கேயாவது வெள்ளை நின்றால் அங்கே காற்று இருக்கிறது.

இதெல்லாம் இரண்டாம் நாள் நடந்தது. முதல் நாள் சொதப்பல். கத்திரி வெயில், சாலிகிராமம் மொட்டை மாடி, மதியம் இரண்டு மணி, அதில் ரெசினை இறுக வைக்கும் ஹார்டனரை 100 கிராமுக்கு 2 மில்லி என்று மார்கழிக் கணக்கில் ஊற்றி அரைக் கிலோ ரெசினையும் ஒரே மக்கில் கலக்கிவிட்டேன். முதல் துண்டு ஒட்டுவதற்குள் மக் சுட்டது, ரெசின் தயிர் மாதிரித் திரண்டு புகைந்தது, "என்ன தம்பி, ஏதாவது தீயுதா?" என்று கீழ்வீட்டு அம்மா மேலேயே வந்துவிட்டார். மறுநாள் விடிகாலையில் 1 மில்லிதான், நூறு நூறு கிராமாகத் தட்டையான டப்பாவில் கலந்தேன்.

ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட் திரவத்தைத் தனியாக வாங்கினால் அதை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு அப்புறம் ஹார்டனர் விடு, கோபால்ட்டும் ஹார்டனரும் நேராகச் சேர்ந்தால் குப்பென்று தீப்பிடித்துவிடும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள், ஹார்டனர் ஒரு சொட்டு கண்ணில் பட்டால் போச்சு.

ரிவெட்டுக்கு அடியில் இந்த முறை பெரிய வாஷரும் தோல் துண்டும் வைத்திருக்கிறேன். பழைய தங்கக் கலர் மட்டும் சேரவில்லை, இடது தோள் கொஞ்சம் செம்பு மாதிரி நிற்கிறது. மேடை வெளிச்சத்தில் தெரியாது.

நீ கேட்ட பள்ளிக்கூட ஹெல்மெட் ஏபிஎஸ் என்ற கெட்டி பிளாஸ்டிக் என்றால் இந்த ரெசினை நம்பாதே. அசிட்டோனால் துடைக்கவும் செய்யாதே, இளகிவிடும். அதே பிளாஸ்டிக் துணுக்குகளை அசிட்டோனில் கரைத்துக் கூழாக்கி விரிசலில் தடவிப் பார்.

மார்க்கவசத்தின் அச்சு உன் வீட்டுப் பரணில்தானே இருக்கிறது? ஓரம் உடைந்திருந்தாலும் பரவாயில்லை, பார்சல் சர்வீஸில் போட்டுவிடு, காசு இங்கே நான் கட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் பழைய ரூம்மேட்