பச்சையெல்லாம் புல் அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கெய்ரோவில் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட ஆப்பிரிக்க விண்வெளி முகமையைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஆப்பிரிக்க நாடுகளின் அலுவலர்களுக்குச் செயற்கைக்கோள் தரவுகளைக் கையாளக் கற்றுக்கொடுப்பதில் இந்தியாவும் பங்கெடுக்க வேண்டும் என்ற கருத்தில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் எத்தனை பேருக்குப் பயிற்சி, எத்தனை வாரம் பயிற்சி என்ற கணக்கோடு கட்டுரை நின்றுவிட்டது. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு நிலத்தை ஆராயும் தொலையுணர்வுப் பாடம் நடத்தியே பணிக்காலத்தைக் கழித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அந்தக் கணக்கு எதை மறைக்கிறது என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். ஆப்பிரிக்கா இப்போதுதான் இத்துறையில் காலடி வைப்பது போன்ற தோற்றம் கட்டுரையில் இருந்தது. நைஜீரியாவின் இலே-இஃபே நகரில் வான்வழி நில அளவைக்கான மண்டலப் பயிற்சி மையம் 1972இல் தொடங்கியது. நிலத்தைப் படமெடுக்கும் அமெரிக்கச் செயற்கைக்கோள் வரிசையில் முதல் லேண்ட்சாட் விண்ணில் ஏறியதும் அதே ஆண்டில்தான். சகாராவின் தென் விளிம்பிலுள்ள சாஹேல் பகுதியை வாட்டிய பெரும் வறட்சிக்குப் பின் நைஜர் நாட்டின் நியாமேயில் வேளாண் வானிலைக்கான அக்ரிமெட் மையம் 1974இலும், நைரோபியில் வளங்களை வரைபடமாக்கும் மண்டல மையம் 1975இலும் நிறுவப்பட்டன. தரவுக்கும் இன்று பஞ்சமில்லை. லேண்ட்சாட் படங்கள் 2008இல் விலையின்றித் திறந்துவிடப்பட்டன. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் இரண்டும் சேர்ந்து 10 மீட்டர் நுணுக்கத்தில் ஒரே வயலை 5 நாளுக்கு ஒருமுறை படமெடுத்து, கேட்டவருக்கெல்லாம் கொடுக்கின்றன. நிறுவனமும் உண்டு, படமும் உண்டு என்றால் குறை எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது. என் வகுப்பறையிலேயே அதில் ஒரு பங்கைக் கண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன், ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்திருந்த அலுவலர்களுக்கு நான் வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். பயிற்சிக்கு வழக்கமாகப் பயன்படுத்துவது பஞ்சாபின் கோதுமை வயல் படங்கள்தாம். கட்டம் கட்டமாக, அளவெடுத்தாற்போல இருக்கும், பாடம் நடத்துவதற்கு அவ்வளவு வசதி. கென்யாவின் பாரிங்கோ பகுதியிலிருந்து வந்திருந்த கால்நடைத் துறை அலுவலர் ஒருவர் மூன்று நாள் பொறுமையாக இருந்துவிட்டு, தம் ஊர்ப் படத்தைத் திரையில் போட முடியுமா என்று கேட்டார். போட்டேன். இலைகள் மிகுதியாகத் திருப்பியனுப்பும் அகச்சிவப்பு அலைவரிசையைச் சிவப்பு நிறத்தில் காட்டும் பொய்வண்ணப் படத்தில் ஏரிக்கரை நெடுகச் செக்கச்செவேலென்று இருந்தது. "செழிப்பான தாவரம், நல்ல மேய்ச்சல் நிலம்" என்று பாடப்புத்தகம் பேசுவது போல நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் தலையை ஆட்டினார். "அது புல் இல்லை ஐயா, மத்தேங்கே. அதற்குள் மாடு நுழையாது."

மத்தேங்கே என்பது நம் சீமைக் கருவேலம்தான். இராமநாதபுரம் சீமையில் பிறந்து, கரிமூட்டப் புகையில் வளர்ந்த எனக்கு அந்தச் சிவப்பு அடையாளம் தெரியாமல் போயிற்று என்பதுதான் வெட்கம். மண்ணரிப்பைத் தடுக்கவும் விறகுக்காகவும் 1980களின் தொடக்கத்தில் பாரிங்கோவில் நடப்பட்ட அந்த மரம் மேய்ச்சல் நிலத்தை விழுங்கியது. அதன் இனிப்பான காய்களைத் தின்ற ஆடுகளுக்குப் பல் சொத்தை விழுந்து உதிர்ந்தது. பாரிங்கோவில் வாழும் இல்சாமுஸ் மக்கள் அரசின்மீது வழக்குத் தொடுத்து, 2006இல் பல்லிழந்த ஆடு ஒன்றையே நீதிமன்றத்துக்குச் சாட்சியாகக் கொண்டுபோனார்கள். மேலேயிருந்து பார்க்கும் கோளுக்கோ எல்லாம் பசுமை. அன்று அந்த அலுவலர் இன்னொன்றும் சொன்னார்: மழை மாதத்துப் படத்தை விட்டுவிட்டு, கோடை முற்றிய மாதத்துப் படத்தை எடுங்கள், புல்லும் நாட்டு மரங்களும் காய்ந்துபோன பின்னும் எது சிவப்பாக நிற்கிறதோ அதுதான் மத்தேங்கே. ஆழ வேரோடி நிலத்தடி நீரை உறிஞ்சும் மரத்தைப் பிரித்தறிய ஆய்வாளர்கள் கையாளும் வழியும் ஏறத்தாழ அதுவேதான். அவர் அதை எந்த வகுப்பிலும் படித்ததில்லை. மாடு ஓட்டித் தெரிந்துகொண்டது.

இது வகுப்பறையோடு முடிந்துபோகும் வேடிக்கைக் கதையன்று. கென்யாவின் மார்சபிட் பகுதியில் 2010இல், நைரோபியைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டுக் கால்நடை ஆய்வு நிறுவனத்தின் முயற்சியால், ஒரு புதுவகைக் காப்பீடு அறிமுகமானது. இறந்த மாட்டை யாரும் போய் எண்ணுவதில்லை. செயற்கைக்கோள் அளக்கும் தாவரப் பசுமைக் குறியீடு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால், அந்த வட்டாரத்தில் காப்பீடு எடுத்த அனைவருக்கும் பணம் போய்ச் சேரும். கென்ய அரசே 2015இல் வஜீர், துர்க்கானா பகுதிகளில் இதே முறையில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. சிந்தனை அருமையானது, பரந்து கிடக்கும் வறண்ட நிலத்தில், நாடோடி மேய்ப்பரின் மந்தையைத் தேடிப்போய்ச் சோதிக்கும் செலவு மிச்சம். ஆனால் துர்க்கானாவிலும் மத்தேங்கே பரவிக்கிடக்கிறது. தின்ன ஒரு வாய்ப் புல் இல்லாத நிலத்தைக் குறியீடு பசுமை என்று காட்டுமானால், மந்தையை இழந்தவருக்கு வர வேண்டிய தொகை வராமலேயே போகலாம். ஆகவே எந்தப் படத்துணுக்கு புல், எது முள் என்று சொல்லத் தெரிந்தவர் அந்தக் கணக்கைப் போடும் மேசையில் இருக்க வேண்டும். மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதை ஒரு வாரத்தில் யாருக்கும் சொல்லிக்கொடுத்துவிடலாம். முள்ளைப் புல்லிலிருந்து பிரிக்கும் அறிவை விமானத்தில் ஏற்றி அனுப்ப முடியாது.

மேற்கு ஆப்பிரிக்காவின் கோக்கோ விவசாயிகளுக்கு இந்தச் சிக்கல் வேறு உருவில் வந்து நிற்கிறது. 2020 டிசம்பர் 31க்குப் பின் காடழித்த நிலத்தில் விளைந்த கோக்கோவைத் தன் சந்தையில் ஏற்பதில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் இயற்றியது. தோட்டம் எங்கே இருக்கிறது என்ற இடக்குறிப்பும் தரப்பட வேண்டும். கானாவில் பெருமரங்களின் நிழலில் வளரும் கோக்கோத் தோட்டம் மேலேயிருந்து பார்த்தால் காடுபோலவே தெரியும். அங்கே கோக்கோ மரங்களைத் தாக்கும் தண்டு வீக்க நச்சுயிரி நோய் வந்தால், பட்ட மரங்களை வெட்டிவிட்டுப் புதுக் கன்று நடுவதைத் தவிர வழியில்லை. அப்படி வெட்டிய இடம், தொலைவில் அமர்ந்து படத்தைப் பார்ப்பவரின் வரைபடத்தில் அழிக்கப்பட்ட காடாகப் பதிவாகக்கூடும். அதை மறுத்து, சான்றுடன் எதிர் வரைபடம் வைக்கத் தெரிந்தவர் அந்நாட்டிலேயே இல்லாவிட்டால் விவசாயி யாரிடம் போய் முறையிடுவார்? போதாக்குறைக்கு, கினியா வளைகுடாக் கரையோரத்தில் ஆண்டின் பெரும்பகுதி மேகம் கவிந்தே கிடக்கும். அங்கே வேலை செய்பவருக்கு முதலில் வேண்டியது மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 ரேடார் படத்தைப் படிக்கும் பழக்கம். நாமோ ரேடாரைக் கடைசி வாரத்துக்கு ஒதுக்கி, நேரமிருந்தால் தொட்டுக்காட்டிவிட்டு, சான்றிதழ் வழங்கும் விழாவுக்குப் போய்விடுகிறோம். 2019 மார்ச்சில் இடாய் புயல் மொசாம்பிக்கின் பெய்ரா நகரைப் புரட்டிப்போட்டபோது வெள்ளத்தின் பரப்பைக் காட்டியதும் ரேடார்தான்.

சான்றிதழ் பெற்று ஊர் திரும்பியவரின் நிலை என்ன? ஒரு சென்டினல்-2 படத்தொகுப்பே நூற்றுக்கணக்கான மெகாபைட் கனக்கும். மாவட்ட அலுவலகத்தின் இணையத்தில் அதை இறக்குவதற்குள் மின்சாரம் போய்விடும். இதற்கு உண்மையிலேயே பயன்படும் விடை ஒன்றை டிஜிட்டல் எர்த் ஆப்பிரிக்கா திட்டம் தந்திருக்கிறது. கண்டம் முழுவதற்குமான படங்களைத் திருத்தி, அடுக்கி, ஓரிடத்தில் வைத்துவிட்டு, கணக்கீட்டையும் அங்கேயே செய்துகொள்ள விடுகிறது. பயனர் இறக்க வேண்டியது விடையை மட்டுமே. சாதாரண மடிக்கணினியின் உலாவி போதும். என்னிடம் படித்துப் போனவர்களில் இன்றும் இத்தொழிலை விடாமல் செய்பவர்கள் பெரும்பாலும் இந்த வழிக்கு மாறியவர்கள்தாம். மற்றவர்கள் பதவி உயர்ந்து கோப்புகளில் கையெழுத்திடுகிறார்கள். அது நம் நாட்டிலும் நடப்பதுதான்.

நிதியின் கதை இன்னும் கசப்பானது. 1984ஆம் ஆண்டின் எத்தியோப்பியப் பஞ்சத்துக்குப் பின் 1985இல் அமெரிக்க உதவியுடன் தொடங்கிய பஞ்ச முன்னெச்சரிக்கை வலையமைப்பின் இணையதளம், வெளிநாட்டு உதவிகளை வாஷிங்டன் நிறுத்திய 2025இன் தொடக்கத்தில் மாதக்கணக்கில் இருண்டு கிடந்தது. நாற்பது ஆண்டுக் காலம் பலர் நம்பியிருந்த ஒரு கண் ஒரே உத்தரவில் மூடிக்கொண்டது. கோள்கள் வழக்கம்போலப் படமெடுத்துக்கொண்டுதான் இருந்தன. அவற்றைப் பார்த்து எழுத, சம்பளத்தைத் தம் சொந்த அரசிடமே பெறும் ஆட்கள் போதிய அளவு இருந்திருந்தால் இந்த அளவுக்குத் திகைப்பு ஏற்பட்டிருக்காது. பயிற்சி பெற்றவருக்கு அதற்கான பணியிடமும் சம்பளமும் ஒதுக்குவது அந்நாட்டு அரசுகளின் பொறுப்பு. அதை நாம் அவர்களுக்குப் பதிலாகச் செய்ய முடியாது, செய்யவும் கூடாது.

நம்மால் செய்யக்கூடியது வேறு. 1964 முதல் நடந்துவரும் இந்தியத் தொழில்நுட்ப, பொருளாதார ஒத்துழைப்புத் திட்டத்தின் கீழ் ஆப்பிரிக்க அலுவலர்கள் இன்றும் இங்கே வந்து படிக்கிறார்கள். விமானச் சீட்டு, தங்குமிடம், உணவு அனைத்தும் நம் செலவு. அந்தச் செலவை ஒரு ரூபாய்கூடக் கூட்டாமல் மூன்று மாற்றங்களைச் செய்யலாம். வருபவர் தம் மாவட்டத்தில் தீர்க்க வேண்டிய சிக்கல் ஒன்றையும், அங்கே நேரில் பார்த்து இடக்குறிப்புடன் பதிந்த நூறு இடங்களின் பட்டியலையும் கொண்டுவர வேண்டும் என்பதை விண்ணப்பப் படிவத்திலேயே எழுதிவிடலாம். முதல் வாரத்திலிருந்தே அந்த நிலத்தின் படத்தை வைத்துப் பாடம் நடக்கும். ஒரே அலுவலகத்திலிருந்து ஒருவரை அழைப்பதை விட்டு, களப்பணியாளர் ஒருவரும் கணினிப் பணியாளர் ஒருவருமாக இருவரை அழைக்கலாம். ஒருவர் மாற்றலாகிப் போனாலும் மற்றவர் இருப்பார். அழைக்கப்படும் அலுவலகங்களின் எண்ணிக்கை குறையும், குறையட்டும். ஊர் திரும்பிய பின் ஆறு மாதத்துக்கு, வாரம் ஒரு மணி நேரம் காணொலியில் ஆசிரியர் கிடைக்க வேண்டும். என்னைப் போல ஓய்வில் வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் இதற்குச் சம்பளமே கேட்க மாட்டோம்.

பாரிங்கோ நண்பர் இப்போதும் கோடைதோறும் ஒரு படத்தை அனுப்பி, இந்தத் திட்டு மத்தேங்கேயா, ஆற்றோர நாட்டு மரமா என்று கேட்பார். நான் என் கருத்தைச் சொல்வேன். இரண்டு நாள் கழித்து, நேரில் போய்ப் பார்த்துவிட்டு, பெரும்பாலும் நான் சொன்னது தவறு என்று எழுதுவார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொலையுணர்வுப் பயிற்றுநர் ஒருவர்,
பரமக்குடி.