ஊசி குத்திய பின் முதல் 2 மணி நேரம்

ஆசிரியருக்கு,

பல் மருத்துவமனைகளில் தொற்றுத் தடுப்பு குறித்த தங்கள் செய்தி, கருவிகளின் கிருமிநீக்கத்தோடு நின்றுவிட்டது. நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி ஊழியரின் கையில் தவறிக் குத்திவிட்டால் என்ன செய்வது என்பதும் அதே அளவு முக்கியம். குத்திய விரலைப் பிதுக்குவதும் பிளீச்சிங் கரைசல் ஊற்றுவதும் தவறு, திசு புண்ணாகும். சோப்பும் ஓடும் நீரும் போதும். கண்ணில் ரத்தம் தெறித்தால் வெறும் நீரால் அலச வேண்டும், சோப்பு கூடாது. எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது. 28 நாள் விடாமல் உட்கொள்ள வேண்டும். தடுப்பூசி போடாதவருக்கு, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ்-பி வைரஸ் எச்.ஐ.வி.யைவிடப் பன்மடங்கு எளிதில் தொற்றும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மரப்பு ஊசிக்கு இரு கைகளாலும் மூடி போடும்போதும், பல்லைக் குடையும் கூர்முனையான பர்ரைக் கழற்றாத ஹேண்ட்பீஸில் (அதைச் சுழற்றும் கைக்கருவி) கை உரசும்போதும், கருவிகளைக் கழுவும்போதும் காயம் ஏற்படுகிறது. கழுவும் உதவியாளர் பயந்து மாலையில்தான் சொல்வார்; அதற்குள் நோயாளி வீட்டுக்குப் போயிருப்பார், அவர் சம்மதத்துடன் செய்ய வேண்டிய ரத்தப் பரிசோதனை தள்ளிப்போகும். எனவே கிளினிக் பதிவைப் புதுப்பிக்கும்போது, உதவியாளர் உட்பட அனைவரும் ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி 3 தவணையும் போட்டதற்கான சான்றையும், எச்.ஐ.வி. தடுப்பு மருந்து கிடைக்கும் அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் தொலைபேசி எண்ணைக் கழுவுமிடத்தில் எழுதி வைப்பதையும் அரசு கட்டாயமாக்க வேண்டும்.

- பல் மருத்துவர் ஒருவர், மதுரை