பல்லாவரத்துக் கல்லும் ஏற்காட்டுக் கல்லறையும்

அஸ்தம்பட்டி, சேலம்
நவம்பர் 9

அன்புள்ள ஜியாகரபி டீச்சருக்கு,

தமிழ் டீச்சர் எழுதுகிறேன். உன் கடிதம் தீபாவளிக்கு முன்னாலேயே வந்துவிட்டது. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு எங்கள் வீட்டுக்காரரின் கண் ஆபரேஷன்தான் காரணம். இடது கண், நல்லபடியாக முடிந்தது. தலைக்குக் குளிக்கக் கூடாது, குனியக் கூடாது, சொட்டு மருந்து நாலு வேளை என்று வீடே அவரைச் சுற்றி ஓடியது. இப்போது கண்ணாடி இல்லாமலே பேப்பர் தலைப்பெல்லாம் படிக்கிறார். அண்ணனுக்கும் கண்ணில் புரை ஆரம்பித்திருக்கிறது என்று எழுதியிருந்தாய். தள்ளிப்போடாதே. பயப்பட ஒன்றுமில்லை என்று இவர் சொல்லச் சொன்னார்.

கணக்கு டீச்சரின் கல்லறைக்குப் போனாயா என்று கேட்டிருந்தாய். போன செவ்வாய்க்கிழமை போய்விட்டு வந்தேன். 2021 மே மாதம் அவள் போனபோது நம் இரண்டு பேராலும் முகம் பார்க்க முடியவில்லை. ஊரடங்கில் நீ பல்லாவரத்தில், நான் இங்கே. அவள் மகன் செல்போனில் அனுப்பிய ஒரே ஒரு படத்தைத்தான் பார்த்தோம். அதற்குப் பிறகு எத்தனையோ முறை ஏற்காடு பஸ்ஸில் ஏற நினைத்தும் கால் வரவில்லை. கல்லறைத் திருநாளன்று கூட்டமாக இருக்கும், அவள் வீட்டு ஆட்கள் எல்லாரும் இருப்பார்கள், அழுது அவர்களையும் அழவைக்க வேண்டாம் என்று இரண்டு நாள் கழித்துப் போனேன்.

சேலத்தில் வெயில். முதல் வளைவு தாண்டியதும் காற்று மாறியது, பத்தாவது வளைவில் மஞ்சு வந்து கண்ணாடியை மூடியது. இருபது வளைவும் முடியும்வரை எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப் போகும்போது நீ கடைசி சீட்டில் இருந்து ஒவ்வொரு வளைவுக்கும் உயரம் சொல்லிக்கொண்டே வருவாய். அந்த ஞாபகம்தான் வழியெல்லாம்.

அவள் கல்லறையைக் கண்டுபிடிக்கச் சிரமம் இல்லை. திருநாளுக்காகச் சிலுவைக்குப் புது வெள்ளை அடித்திருந்தார்கள். மெழுகு உருகி ஓடி உறைந்து கிடந்தது. செவ்வந்தி மாலை மழையில் நனைந்து பழுப்பாகியிருந்தது. நான் மரிக்கொழுந்துதான் கொண்டு போனேன். மல்லிகை வாசம் தலைவலிக்கும் என்பாளே. வைத்துவிட்டு நின்றேன். பேச வேண்டும் என்று எதையெல்லாமோ நினைத்துப் போனவளுக்கு அங்கே வந்த பேச்சு, "பென்ஷன் அரியர்ஸ் வந்துடுச்சு, நீ போட்ட கணக்குதான் சரி" என்பதுதான். சொல்லிவிட்டுத்தான் அழுதேன். உன் பெயரையும் சொன்னேன்.

அப்புறம், கீழே இறங்க பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. ஏரிப் பக்கம் போக மனசில்லை. ஹோலி டிரினிட்டி சர்ச்சுக்கு நடந்தேன். இத்தனை வருஷமாக மலையேறி அண்ணா பூங்கா, லேடீஸ் சீட், மிளகாய் பஜ்ஜி என்று சுற்றிவிட்டு இறங்கியிருக்கிறோம். அந்த வாசலுக்குள் ஒரு நாளும் நாம் கால் வைத்ததில்லை. எனக்கு அங்கே பார்க்க வேண்டிய ஆள் ஒருவர் இருந்தார். உனக்கும் ஒருவர். அதனால்தான் இந்தக் கடிதம் இத்தனை நீளம்.

சில்வர் ஓக் மரங்களின் இலை ஈரத்தோடு விழுந்து கிடந்தது. பழைய கல்லறைக் கற்களில் பாசி வட்டம் வட்டமாகப் படர்ந்திருந்தது. எழுத்து சில இடத்தில் தெளிவாக இருக்கிறது, சில இடத்தில் விரலால் தடவித்தான் படிக்க முடிகிறது. காபித் தோட்டத்துக்கு வந்தவர்கள், உத்தியோகத்துக்கு வந்தவர்கள், அவர்கள் மனைவிமார். காக்பர்ன் கலெக்டர் 1820-களில் இந்த மலையில் காபியைக் கொண்டுவந்த பிறகு எத்தனை குடும்பம் இப்படி வந்திருக்கும்! குழந்தைகளின் கற்கள்தான் என்னை நிறுத்திவிட்டன. முழங்கை நீளம்கூட இல்லாத ஒரு கல்லில் வயதை மாதத்தில் செதுக்கியிருந்தார்கள். கீழே காய்ச்சலுக்குப் பயந்து மலைக்கு வந்திருப்பார்கள். மலையிலும் அது விடவில்லை. எந்த நாட்டுத் தாயாக இருந்தால் என்ன, அந்தக் கல்லை அங்கே விட்டுவிட்டுக் கப்பல் ஏறியிருப்பாள் இல்லையா? அவளை நினைத்து ரொம்ப நேரம் நின்றேன்.

புல் வெட்டிக்கொண்டிருந்த பெரியவர், இந்த மலையின் பழங்குடியான மலையாளி இனத்துக்காரர், அரிவாளை வைத்துவிட்டு வந்தார். "யாரு வேணும்மா?" என்றார். யாரும் வேண்டாம், சும்மா பார்க்கிறேன் என்றேன். நான் அந்தச் சின்னக் கல்லின் பக்கத்திலேயே நிற்பதைப் பார்த்துவிட்டு, "ஆறிலயும் சாவு, நூறிலயும் சாவுதானே டீச்சரம்மா" என்றார். நான் டீச்சர் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ! அந்தப் பழமொழியைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஏனென்றால் நான் தேடிப் போன ஆளே அதைத்தான் சேர்த்துவைத்தவர்.

பீட்டர் பெர்சிவல் பாதிரியார். நான் எம்.ஏ. படிக்கும்போது ஆறுமுக நாவலர் வரலாற்றில் அவர் பெயர் நாலு வரியில் வந்து போகும். யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பள்ளியை நடத்தியவர். நாவலர் அவரிடம் படித்து, அங்கேயே ஆசிரியராகி, பைபிளைத் தமிழாக்கும் வேலையில் அவருக்குக் கைகொடுத்தார். அந்தத் தமிழ் சரிதானா என்று பார்க்க இரண்டு பேரும் சென்னைக்கு வந்தார்கள். மழவை மகாலிங்கையர் படித்துப் பார்த்து நல்ல தமிழ் என்றார் என்று நம் வாத்தியார் சொல்வார். 1848-ல் நாவலர் வேலையை விட்டு முழுநேரமாகச் சைவத்துக்குப் போய்விட்டார். 1850-ல் அந்த பைபிள் அச்சானது, ஆனால் நிலைக்கவில்லை. பிறகு பவர் என்ற பாதிரியாரின் குழுவினர் திருத்திய மொழிபெயர்ப்புதான் சர்ச்சுகளில் ஊன்றியது. நம் பாடத்தில் பெர்சிவல் கதை இதோடு முடிந்துவிடும்.

முடியவில்லை, டீச்சர். அவர் சென்னைக்கு வந்தார், பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியரானார். 1855-ல் தினவர்த்தமானி என்று தமிழில் பத்திரிகை தொடங்கினார். அதை நடத்த யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரைச் சேர்த்துக்கொண்டார். யார் தெரியுமா? சி.வை. தாமோதரம் பிள்ளை! சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர், 1887-ல் கலித்தொகையை அச்சில் கொண்டுவந்தவர். நாவலர், தாமோதரம் பிள்ளை என்று இரண்டு பேர் அவரோடு வேலை செய்திருக்கிறார்கள். முப்பத்தோரு வருஷம் வகுப்பில் நின்ற எனக்கு அது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று தெரியும். நாவலர் அவர் மதத்தை எதிர்த்துத்தான் தன் வாழ்நாளைக் கழித்தார். ஆனாலும் உரைநடையில் அவர் கை பழகியதில் அந்த மொழிபெயர்ப்பு வேலைக்குப் பங்கு உண்டு என்றுதான் நான் நினைக்கிறேன்.

பழமொழிக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தில் இருக்கும்போதே சேர்க்க ஆரம்பித்தார். 1874-ல் சென்னையில் வெளிவந்த தொகுப்பில் ஆறாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஆங்கில விளக்கத்தோடு. புலவர்கள் பாட்டிலிருந்து எடுக்க நிகண்டு போதும். இது அடுப்படியிலும் களத்துமேட்டிலும் சந்தையிலும் பேசுவது. நம் அம்மாக்கள் வாயில் இருந்தது. அதைக் காது கொடுத்துக் கேட்டு, எழுத்தில் ஏற்றியிருக்கிறார். என் அம்மா போனபோது அவள் சொன்ன பழமொழிகளை எழுதிவைக்கவில்லையே என்று உன்னிடம் எத்தனை முறை புலம்பியிருப்பேன்? அந்த மனுஷர் 1882-ல் கண்ணை மூடியது இதே ஏற்காட்டில். எனக்கு ஐம்பத்தாறு வயதுக்கு மேல்தான் இது தெரிந்தது. சேலத்தில் இருந்துகொண்டு, நாவலரைப் பாடம் நடத்திக்கொண்டு, இது தெரியாமல் இருந்தேன். அந்தக் குறை எனக்கு நிஜமாகவே இருக்கிறது.

சரி, இனி உன் ஆள். பெர்சிவலின் மகளை 1862-ல் கட்டிக்கொண்டவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். ஜியாலஜிகல் சர்வேக்காரர். கல்யாணமான மறு வருஷம், 1863 மே 30-ஆம் தேதி, உங்கள் பல்லாவரத்தில் செம்மண் சரளை தோண்டிய பள்ளத்தில் ஒரு கல்லைக் கையில் எடுத்தார். மனிதன் செதுக்கிய கல். கற்கால மனிதன் இந்த நாட்டில் வாழ்ந்தான் என்பதற்கு அந்தக் கல்தான் வாசல் திறந்தது. அதே வருஷம் செப்டம்பரில் கிங் என்பவரோடு திருவள்ளூர்ப் பக்கத்து அத்திரம்பாக்கம் போனார். அங்கே கிடைத்த கருவிகளில் பழையவை பதினைந்து லட்சம் வருஷத்துக்கு முந்தியவை என்று 2011-ல் கணக்கிட்டுச் சொன்னார்கள். இதெல்லாம் நீ வகுப்பில் சொன்னதுதான், நான் பக்கத்து வகுப்பிலிருந்து கேட்டிருக்கிறேன். ஆனால் அவர் வேலை ஓய்ந்து வந்து தங்கியது ஏற்காட்டில் என்று நீ சொன்னதாக ஞாபகம் இல்லை. 1912 டிசம்பரில் கல்கத்தாவில் இறந்தார். அங்கே தகனம் செய்து, அஸ்தியை இந்த ஹோலி டிரினிட்டி சர்ச்சுக்குக் கொண்டுவந்து வைத்தார்கள்.

பாரேன், மாமனார் சொல் பொறுக்கினார், மருமகன் கல் பொறுக்கினார். இரண்டும் நம்முடையது. நாம் மிதித்துப்போன கல், நாம் பேசிவிட்டு மறந்த சொல்.

கல்கத்தா என்றதும் உனக்கு ஞாபகம் வந்திருக்கும். நீ அண்ணனோடு அங்கே போய்விட்டு வந்து ஸ்டாஃப் ரூமில் ஒரு மணிநேரம் பேசினாய். செயின்ட் ஜான்ஸ் சர்ச் வளாகத்தில், கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறையைப் பார்த்த கதை. "அந்தக் கல் நம்ம பல்லாவரம் பக்கத்துக் கல்லுடி" என்று மேஜையைத் தட்டினாய். 1893-ல் ஹாலண்ட் என்ற ஜியாலஜிஸ்ட் அந்தக் கல்லறைக் கல்லைப் பார்த்துத்தான் அந்த வகைப் பாறைக்கே சார்னோக்கைட் என்று பெயர் வைத்தார் என்றாய். நம் சேர்வராயன் மலையும் பெரும்பாலும் அதே பாறைதான் என்றும் சொன்னாய். நான் அன்று விடைத்தாள் திருத்திக்கொண்டே அரைகுறையாகக் கேட்டேன். செவ்வாய்க்கிழமை அந்தச் சுவரோரம் உட்கார்ந்தபோது முழுசாகக் கேட்டது. பல்லாவரத்தில் கல்லெடுத்தவர், பல்லாவரத்துக் கல் மூடிய கல்லறை இருக்கிற ஊரில் இறந்து, அதே பாறையால் ஆன மலைக்கு வந்து சேர்ந்திருக்கிறார். நீ பக்கத்தில் இருந்திருந்தால் மறுபடி மேஜையைத் தட்டியிருப்பாய்.

பெரியவரிடம் இதையெல்லாம் சுருக்கமாகச் சொன்னேன். பழமொழி எழுதினவர் கதையைச் சிரித்துக்கொண்டே கேட்டார். கற்கோடாரி என்றதும்தான் முகம் மாறியது. மலையில் சில பிள்ளையார் மேடைகளில் வழவழப்பாக, ஒரு பக்கம் கூராக இருக்கும் கறுப்புக் கற்களை வைத்துக் கும்பிடுகிறார்கள் இல்லையா, அதுவா என்று கேட்டார். அதுதான், ஆனால் அது ஃபூட் பல்லாவரத்தில் எடுத்ததற்கு ரொம்பப் பின்னால் வந்த புதிய கற்காலத்துக் கோடாரி என்றேன். "எங்க பாட்டன் முப்பாட்டன் வெட்டினதுன்னு சொல்லுங்க" என்றார். நான் அதற்கு மேல் திருத்தவில்லை. எனக்கு அவர் சொன்னது சரியாகத்தான் பட்டது.

ஏற்காட்டுக்கு எத்தனை பள்ளிக்கூடத்து வேன்கள் வருகின்றன! அதில் ஒன்றாவது அரைமணி நேரம் இங்கே நிற்க வேண்டும் என்று ஆசை. நம் பழைய பள்ளியில் இப்போது தமிழ் எடுக்கிற பெண்ணிடம் பேசியிருக்கிறேன். பொங்கல் கழிந்து எட்டாம் வகுப்பைக் கூட்டி வருகிறேன் என்றாள். சர்ச்சில் அனுமதி கேட்கும் வேலை என்னுடையது. பழமொழி நான் சொல்லிவிடுவேன். கல்லைப் பற்றிச் சொல்ல ஆள் நீதான். அந்த வாரம் நீ வந்தே ஆக வேண்டும். நம் வீட்டிலேயே தங்கு. முட்டிவலியைக் காரணம் காட்டாதே, எனக்கும்தான் வலிக்கிறது.

அதற்கு முன்னால் ஒரு வேலை. எழும்பூர் மியூசியத்தில் ஃபூட் சேர்த்த கற்கள் இருக்கின்றன. பேத்தியைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு எழுது. பல்லாவரத்தில் வளர்கிற பிள்ளை அதைப் பார்க்க வேண்டாமா?

திரும்பும்போது பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் பட்டர் ஃப்ரூட் வாங்கினேன். சென்னைக்கு வருகிற தம்பி மகனிடம் ஆறு கொடுத்தனுப்புகிறேன். காயாகத்தான் இருக்கிறது. அரிசி டிரம்முக்குள் புதைத்து வை, நாலு நாளில் பழுத்துவிடும்.

உன்,
தமிழ் டீச்சர்