4கேவா, மைக்கா?

அன்புள்ள முருகேசா,

இங்கு அனைவரும் நலம். உன் கடிதத்தை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். மகளுக்கு அடுத்த மாதம் வளைகாப்பு என்றதும் என் மனைவி அப்போதே எந்தப் பட்டுப்புடவை என்று பேச ஆரம்பித்துவிட்டாள். என் முட்டிவலி இப்போது பரவாயில்லை. காலையில் தாமிரபரணிக் கரை வரை நடந்துவிட்டு வருகிறேன்.

கேமரா விஷயம். கேனான் ஜி7எக்ஸ் மார்க் 2 பழையது ஒன்று குறைந்த விலைக்கு வருகிறது, அதில் 4கே என்கிற கூடுதல் நுணுக்கமான வீடியோ இல்லை, 2019-இல் வந்த மார்க் 3-இல் இருக்கிறது, அதற்காகக் கூடுதல் பணம் போடலாமா என்று கேட்டிருந்தாய். 4கேவுக்காக என்றால் போடாதே. ஆனாலும் மார்க் 3-ஐயே வாங்கு. ஏன் என்று சொல்கிறேன்.

உன் வீட்டு ஹாலில் இருப்பது 43 அங்குல டிவி. அகலம் சுமார் 95 செ.மீ. 4கேவுக்கு முந்தைய தரமான ஃபுல் எச்டி படத்தில் அந்த அகலத்துக்குள் 1,920 புள்ளிகள், அதாவது ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர். நல்ல பார்வை உள்ளவருக்கே ஆறடி தள்ளிப் போனால் அந்தப் புள்ளி தனியாகத் தெரியாது. உன் சோபா எட்டடிக்கு அப்பால் கிடக்கிறது. 4கேவில் புள்ளிகள் நான்கு மடங்கு, ஏறக்குறைய 83 லட்சம். அங்கே உட்கார்ந்து பார்த்தால் அந்தக் கூடுதலில் பெரும்பகுதி வீண்தான்.

4கேவால் எனக்கு ஒரு நன்மை கிடைத்திருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். நெல்லையப்பர் ஆனித் தேரோட்டத்தை ஒரு மொட்டை மாடியிலிருந்து எடுத்தேன். பிறகு கணினியில் போட்டுப் பார்த்தபோது, கூட்டத்தில் ஒரு சிறுவன் தேர்வடத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மூச்சைப் பிடித்து இழுக்கிறான். அந்தக் கால்வாசி இடத்தை மட்டும் வெட்டி எடுத்தேன். அப்படியும் அது முழு ஃபுல் எச்டி படம். தூரத்தில் நின்று எடுக்கிறவனுக்கு அது பெரிய உதவி. வீட்டுக்குள் பேரனையோ பேத்தியையோ எடுக்க நீ இரண்டடி முன்னால் போனால் போதும்.

இப்போது நான் சொல்ல வந்தது. அம்மா கடைசியாகச் சுட்ட தீபாவளி அதிரசத்தை 4கேவில் எடுத்து வைத்திருக்கிறேன். வாழையிலையில் எண்ணெய் தடவி, உருண்டையை வைத்து, மூன்று விரலால் தட்டித் தட்டி விரிக்கிறாள். விரல் நுனியில் ஒட்டிய மாவு, வளையலில் உள்ள கீறல் எல்லாம் அப்படியே தெரிகின்றன. பாகுப் பதம் சொல்லித் தருகிறாள்: "தண்ணியில விட்டா உருட்ட வரணும், ஆனா..." அதற்குப் பிறகு அடுப்படி எக்ஸாஸ்ட் ஃபேன் சத்தம்தான். கேமராவோடு வரும் மைக், பேசுகிறவர் வாயருகே இல்லாமல் என் கையில் இருந்தது. அம்மா போனபின் ஹெட்போன் போட்டு எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். அந்த "ஆனா"வுக்கு அப்புறம் என்ன சொன்னாள் என்று இன்னும் பிடிபடவில்லை, முருகேசா.

மார்க் 3-இல் வெளி மைக் செருக 3.5 மி.மீ. துளை உண்டு. மார்க் 2-இல் கிடையாது. கூடுதல் பணத்தை அதற்காகப் போடு. படத்தைப் பதிகிற சென்சார் சில்லின் அளவு இரண்டிலும் ஒன்றே, லென்ஸின் ஜூம் வீச்சும் ஒன்றே.

வாங்கியதும் வீடியோ முறையை 'பால்' (PAL, நம் நாட்டு டிவி முறை) என்று மாற்றி, நொடிக்கு 25 ஃபிரேமில், அதாவது 25 படத்தில், வை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 30 ஃபிரேமில் எடுத்தால் ட்யூப்லைட் வெளிச்சத்தில் படம் மினுக்கலாம், பட்டை ஓடலாம். அதோடு, மார்க் 3-இல் 4கே ஒரு தடவைக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு நொடி முன்பே நின்றுவிடும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 900 எம்பி வேறு தின்னும். சடங்கு நடுவில் அது நின்றுபோனதை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஃபுல் எச்டியில் எடு. எடுத்ததை அன்றே இரண்டு ஹார்ட் டிஸ்கில் போட்டு வை.

என்னிடம் சட்டையில் குத்துகிற காலர் மைக் ஒன்று சும்மா கிடக்கிறது. நாளைக்குக் கூரியரில் போடுகிறேன். வளைகாப்பன்று தங்கச்சி நலங்குப் பாட்டு பாடுமே, அதற்கு முன்னால் அந்த மைக்கை அவள் புடவையில் குத்திவிடு. பாடி முடிக்கும் வரை ஃபேனை நிறுத்தி வை.

அன்புடன்,
ராமசுப்பு